அம்மப்பாவின் முத்திரையும் ஆறு சிலிங்கும்

சின்ன வயசில எனக்கும் மச்சானுக்கும் லீவு நாளில் ஒரு வேலை இருந்தது. அம்மப்பாவின் றங்குப்பெட்டியைத் திறந்து, அதுக்குள்ள கட்டுக்கட்டாகக் கிடந்த பழைய கடித உறைகளை எடுத்து முத்திரை கழட்டுறது. ஒரு கோப்பையில் இளஞ்சூட்டுத் தண்ணி, அதுக்குள்ள உறையின் மூலையை வெட்டிப் போட்டால் கொஞ்ச நேரத்தில் முத்திரை தானாகக் கழண்டு மிதக்கும். பேப்பரில் காயவிட்டு, பாரமான புத்தகத்துக்குக் கீழ வைத்து, பிறகு அல்பத்தில் ஒட்டுவோம். உறையும் கடிதமும் அம்மம்மாவின் அடுப்புக்குப் போகும். அந்தக் கடிதங்களில் பாதி, மலாயாவுக்கு வேலைக்குப் போன அம்மப்பாவின் தமையன் எழுதினவை. அதில் என்ன இருந்தது எண்டு எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியாது. நாங்கள் வாசிக்கவில்லை.

2022 இல், டொலர் விலை ஏறிக் கொண்டிருந்த நேரம், மச்சான் அந்த அல்பத்தைப் படம் எடுத்துப் பழைய சாமான் விற்கிற முகநூல் குழு ஒண்டில் போட்டான். அடுத்த நாளே ஒருத்தர் கோல் எடுத்தார். அவர் கேட்ட முதல் கேள்வி விலை இல்லை. "தம்பி, உறையோட ஏதும் இருக்கோ? உறையோட இருந்தால் வேற விலை."

இல்லை எண்டு சொன்னோம். பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு முழு அல்பத்தையும் வாங்கிக் கொண்டு போனார். சில மாதத்துக்குப் பிறகு அதே அல்பத்தின் ஒரு பக்கத்தை மட்டும் ஒன்லைன் ஏலத்தில் பவுண் கணக்கில் பார்த்தோம். அம்மப்பாவின் கையெழுத்து பக்கத்தின் ஓரத்தில் இருந்ததால்தான் பிடிபட்டது. மச்சான் கொதிச்சான். "எங்களை ஏமாத்திப் போட்டான் அண்ணை!"

எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் பொய் ஒண்டும் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரியாத ஒண்டு அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். இந்த வியாபாரத்தின் முழு வரலாறுமே அந்த "தெரிந்திருந்தது" என்ற சொல்லுக்குள்ளதான் இருக்கிறது எண்டு பிறகுதான் விளங்கியது.

ஒரு சாக்கு முக்கோணம்

உலகின் முதல் ஒட்டு முத்திரை பிரித்தானியாவில் 1840 மே மாதம் வெளிவந்தது. கறுப்பு நிறம், ஒரு பென்னி விலை, விக்டோரியா மகாராணியின் தலை. அதே 1840 இல் பிளைமவுத் துறைமுக நகரில் பிறந்தவர் எட்வேர்ட் ஸ்ரான்லி கிப்பன்ஸ். தகப்பனுக்கு மருந்துக்கடை. 1856 இல், பதினாறு வயசிலேயே, அந்தக் கடைக்குள் ஒரு பக்கத்தில் பழைய முத்திரை வாங்கி விற்கத் தொடங்கினார்.

அவரைப் பற்றி அடிக்கடி சொல்லப்படுகிற ஒரு கதை உண்டு. 1863 இல் தென்னாபிரிக்காவின் கேப் ரவுணில் இருந்து வந்த கப்பல்காரர் ரெண்டு பேர், ஒரு சாக்கு நிறைய முத்திரைகளோடு கடைக்கு வந்தார்களாம். கேப் காலனி 1853 இல் வெளியிட்ட முக்கோண முத்திரைகள். அவர்கள் கேட்டது 5 பவுண். கிப்பன்ஸ் உடனே கொடுத்து விட்டார். அந்தச் சாக்கை ஒவ்வொண்டாகப் பிரித்து விற்று அதைப்போல பல மடங்கு உழைத்தார். இண்டைக்கு ஒன்லைனில் 'லொட்' ஆக வாங்கிப் பிரித்து விற்கிறவர்கள் செய்வது இதைத்தான். நூற்றி அறுபது வருசத்தில் சாக்கு மட்டும்தான் மாறியிருக்கிறது.

ஆனால் கிப்பன்ஸ் செய்த பெரிய வேலை அதுவல்ல. 1865 இல் அவர் ஒரு விலைப்பட்டியல் அச்சடித்தார். எந்த நாட்டு எந்த முத்திரைக்கு என்ன விலை எண்டு. அதுவரை வாங்குகிறவனும் விற்கிறவனும் முகத்தைப் பார்த்து விலை பேசினார்கள். பட்டியல் வந்த பிறகு, அந்தப் புத்தகம் யாரின் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் விலை தெரியும். புத்தகத்தை எழுதுகிறவரே கடைக்காரரும் எண்டால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கோ.

பன்னிரண்டு வயசுப் பெடியன்

பட்டியல் கையில் இல்லாதவனுக்கு என்ன நடக்கும்? அதுக்கும் ஒரு கதை இருக்கிறது.

1856 இல் தென்னமெரிக்காவின் பிரித்தானிய கயானாவில் லண்டனில் இருந்து வரவேண்டிய முத்திரைகள் நேரத்துக்கு வரவில்லை. உள்ளூர் பத்திரிகை அச்சகத்தில் அவசரத்துக்குக் கொஞ்சம் அடித்தார்கள். ஊதாச் சிவப்புக் கடதாசியில் கறுப்பு மை, ஒரு கப்பல் படம். 1873 இல் அங்கே வேர்னன் வோகன் எண்ட பன்னிரண்டு வயசுப் பெடியன், வீட்டில் கிடந்த பழைய கடிதங்களுக்குள் அதில் ஒரு சத முத்திரை ஒண்டைக் கண்டெடுத்தான். மூலைகள் வெட்டுப்பட்டு, பார்க்க அழகில்லாமல் இருந்தது. ஊரில் இருந்த சேகரிப்பாளர் ஒருவருக்கு ஆறு சிலிங்குக்குக் கொடுத்து விட்டான். அந்தக் காசில் வடிவான வேற முத்திரை வாங்கலாம் எண்டு அவனுக்கு நினைப்பு.

அந்த வகையில் உலகத்திலேயே ஒண்டுதான் இருக்கிறது எண்டு பிறகு தெரிந்தது. அது ஐரோப்பாவின் மிகப் பெரிய சேகரிப்பாளரான பெராரியிடம் போனது. முதலாம் உலகப் போருக்குப் பிறகு பிரெஞ்சு அரசு அவரின் சேகரிப்பைப் பறிமுதல் செய்து ஏலம் விட்டபோது, 1922 இல் ஒரு அமெரிக்கர் 30,000 டொலருக்கு மேல் கொடுத்து எடுத்தார். 1980 இல் அதன் விலை 935,000 டொலர். 2014 இல் கிட்டத்தட்ட 95 இலட்சம் டொலர். 2021 இல் திரும்ப ஏலத்துக்கு வந்தபோது விலை இறங்கி, ஏறத்தாழ 83 இலட்சத்துக்குப் போனது. அந்தமுறை வாங்கினது யார் தெரியுமா? பிளைமவுத் மருந்துக்கடையில் பிறந்த அதே ஸ்ரான்லி கிப்பன்ஸ் கொம்பனி. வாங்கி, அதைச் சின்னச் சின்னப் பங்குகளாக்கி ஒன்லைனில் பொதுமக்களுக்கு விற்றார்கள். இண்டைக்கு ஒரு கடதாசித் துண்டின் ஒரு துண்டைச் சொந்தமாக வைத்திருக்கலாம், கையால் தொடத்தான் ஏலாது.

இந்தக் கதையில் ரெண்டு விசயம் இருக்கிறது. ஒண்டு, முத்திரை மாறவே இல்லை. ஆறு சிலிங்குக்குப் போன அதே துண்டுதான். மாறினது அதைப் பற்றித் தெரிந்தவர்களின் எண்ணிக்கையும் அவர்களின் பொக்கற்றும். ரெண்டாவது, விலை எப்பவும் ஏறிக் கொண்டுதான் இருக்கும் எண்டு ஒரு சட்டமும் இல்லை. 2014 இல் வாங்கினவர் 2021 இல் நட்டப்பட்டார்.

இலங்கைக்கும் இதில் பங்கு உண்டு. இங்கே முதல் முத்திரை 1857 ஏப்ரல் 1 இல் வந்தது, ஆறு பென்னி. 1859 இல் வந்த நாலு பென்னி 'மங்கல் ரோசா' நிற முத்திரைதான் இலங்கை முத்திரைகளுக்குள் மிக அருமையானது எண்டு உலகச் சேகரிப்பாளர்கள் சொல்வார்கள். நல்ல நிலையில் உள்ள ஒண்டுக்குப் பல ஆயிரம் பவுண் விலை. எங்கட அல்பத்தில் அது இருக்கவில்லை, பயப்பிடாதேங்கோ.

1995: ரெண்டு தேதிகள்

1995 செப்டெம்பர் மாதம், கலிபோர்னியாவில் பியர் ஒமிட்யார் எண்ட இளம் புரோகிராமர் ஒரு நீண்ட வாரவிடுமுறையில் உட்கார்ந்து ஓர் இணைய ஏலப் பக்கம் எழுதினார். பெயர் 'ஒக்ஷன் வெப்'. பிறகு அதுதான் ஈபே ஆனது. முதலில் விற்றது உடைந்த லேசர் பொயின்ரர் ஒண்டு, 14 டொலர் 83 சதத்துக்கு. இது உடைந்தது எண்டு விளங்கித்தான் வாங்குகிறீங்களா எண்டு ஒமிட்யார் கேட்க, வாங்கினவர், தான் உடைந்த லேசர் பொயின்ரர் சேர்க்கிற ஆள் எண்டு பதில் எழுதினாராம்.

இதே ஈபே பற்றி வேற ஒரு கதையும் உலாவியது. ஒமிட்யாரின் வருங்கால மனைவி பெஸ் மிட்டாய் டப்பா சேர்க்கிறவ, அவவுக்காகத்தான் அந்தப் பக்கத்தைத் தொடங்கினார் எண்டு. பல வருசம் பத்திரிகைகள் அதை அப்படியே எழுதின. கடைசியில் பார்த்தால் அது கொம்பனியின் விளம்பரப் பகுதி பத்திரிகைக்காரருக்காகக் கட்டின கதை. பழைய சாமான் வியாபாரத்தில் சாமானை விடக் கதைதான் விலைபோகும் எண்டதுக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

அந்தச் செப்டெம்பருக்கு அடுத்த மாதக் கடைசி, ஒக்ரோபர் 30. யாழ்ப்பாணத்தில் அந்தத் தேதியைச் சொன்னால் காணும், விளக்கம் தேவையில்லை. வலிகாமத்துச் சனம் இலட்சக்கணக்கில் இரவோடிரவாக நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்குப் போனது. மின்சாரம் ஏற்கெனவே வருசக்கணக்காக இல்லை. கையில் கொண்டு போகக் கூடியதைக் கொண்டு போனார்கள், மற்றதெல்லாம் வீட்டில் நிண்டது. எங்கட றங்குப்பெட்டி தப்பினது அதிஷ்டம். அம்மப்பா அதைக் கிணத்தடிக் கொட்டிலில் விறகுக்குக் கீழ வைத்து விட்டுப் போனவர்.

ஒரே வருசத்தில், உலகத்தின் ஒரு மூலையில் ஆக்களின் பழைய சாமானுக்கு எல்லையில்லாத சந்தை திறக்குது. இன்னொரு மூலையில் ஆக்கள் தங்கட பழைய சாமானை எல்லாம் விட்டுவிட்டு நடக்கினம். ரெண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் பிறகு ரெண்டும் சந்தித்தன.

உடைந்த குமிழி

ஈபேயின் முதல் பெரும் அலை பீனி பேபீஸ் எண்ட சின்னத் துணிப் பொம்மைகள். கடையில் 5 டொலர் மட்டில் விலை. ரை எண்ட கொம்பனி ஒவ்வொரு வடிவத்தையும் கொஞ்சக் காலத்தில் நிறுத்தி விடும். நிறுத்தினதும் சனம் அள்ளுப்பட்டு வாங்கும். 1997 இல் ஈபேயின் விற்பனையில் பத்தில் ஒரு பங்கு இந்தப் பொம்மைகள்தான் எண்டால் பாருங்கோ. பிள்ளையின் பல்கலைக்கழகப் படிப்புக்கு எண்டு பொம்மை வாங்கி அடுக்கினவர்கள் இருந்தார்கள். 1999 இல் லாஸ் வேகாசில் விவாகரத்துச் செய்த ஒரு தம்பதி, நீதிமன்றத் தரையில் குந்தியிருந்து ஒவ்வொரு பொம்மையாகப் பங்கு பிரிக்கிற படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. அதே வருசம் கொம்பனி எல்லாத்தையும் நிறுத்தப் போறம் எண்டு அறிவித்து, பிறகு வாக்கெடுப்பு வைத்துத் தொடர்ந்தது. கொஞ்சக் காலத்தில் விலை விழுந்தது. இண்டைக்கு அதில் பெரும்பாலானவை வாங்கின விலைக்கே போகாது.

ஏன் விழுந்தது? ஈபே வரமுதல் ஓர் ஊரில் ஒரு பொம்மை கிடைக்காவிட்டால் அது அருமையான பொம்மை. ஈபே வந்த பிறகு, அதே பொம்மையை ஆயிரம் பேர் விற்கிறது ஒரே திரையில் தெரிந்து விட்டது. கிப்பன்ஸின் விலைப்பட்டியல் எல்லாரின் கைக்கும் வந்தது மாதிரி. சாதாரண முத்திரை அல்பங்களுக்கும் இதுதான் நடந்தது. தாத்தாவின் அல்பம் பொக்கிசம் எண்டு நினைத்திருந்தவர்கள், இதே முத்திரை சத விலைக்கு விற்கப்படுவதைக் கண்டார்கள். உண்மையிலேயே அருமையானது மட்டும் இன்னும் ஏறியது.

எங்கட ஒழுங்கையில்

ஊரில் இந்த வியாபாரம் இணையத்துக்கு முதலே இருந்தது. சைக்கிளில் "பழைய இரும்பு, பித்தளை, போத்தல்" எண்டு கத்திக் கொண்டு வாறவர் ஞாபகம் இருக்கும். பழைய பேப்பர், புத்தகம் எல்லாம் கிலோக் கணக்கில் கடைக்குப் போய் கச்சான் சரையாகும். 1966 இல் டொமினிக் ஜீவா தொடங்கின 'மல்லிகை' மாதிரியான இதழ்கள் எத்தினை அப்படிப் போயிருக்கும்?

2002 இல் ஏ9 பாதை திறந்தபோது வேற விதமான ஆக்கள் வரத் தொடங்கினார்கள். எங்கட ஒழுங்கைக்கும் வந்தவை. சாய்மனைக் கதிரை, பெட்டகம், குத்துவிளக்கு, கதவுநிலை, மண்ணெண்ணெயில் ஓடித் தப்பின ஒஸ்ரின், மொறிஸ் கார் எண்டு எல்லாத்தையும் விலை கேட்டார்கள். பக்கத்து வீட்டு ஆச்சி பெட்டகம் ஒண்டைக் கொடுத்துவிட்டுப் பிளாஸ்ரிக் கதிரை ஆறு வாங்கினவ. அவவில் பிழையில்லை. கூரையில் ஓடில்லாத வீட்டில் பெட்டகத்தைவிடக் கதிரை உதவும். ஆறு சிலிங்குக்கு முத்திரை கொடுத்த பெடியனுக்கும் ஆச்சிக்கும் ஒரு வித்தியாசம் மட்டும் இருக்கிறது. பெடியனுக்கு விலை தெரியாது. ஆச்சிக்கு விலை தெரிந்திருந்தாலும் காத்திருக்க ஏலாது. தெரிந்தவன் தெரியாதவனிடம் வாங்குவது ஒரு வகை, ஆறுதலாக இருப்பவன் அந்தரத்தில் இருப்பவனிடம் வாங்குவது இன்னொரு வகை. போர் நடந்த இடங்களில் பழைய சாமான் சந்தை பெரும்பாலும் ரெண்டாவது வகைதான்.

2012 இல் ஈக்மன் தளம் வந்தது, பிறகு முகநூல் குழுக்கள். இங்கே இருந்து வெளிநாட்டுக்கு விற்பது இண்டைக்கும் சுலபமில்லை. பேபாலில் இலங்கையில் இருந்து காசு அனுப்பலாம், ஆனால் கனகாலமாக வாங்க ஏலாமல் இருந்தது. அதனால் லண்டனிலயோ ரொறன்ரோவிலயோ சொந்தக்காரர் இருக்கிறவனுக்குத்தான் வெளிச்சந்தை. இல்லாதவன் கொழும்பு இடைத்தரகரிடம் கொடுக்க வேணும். எங்கட அல்பம் போன வழியும் அதுதான்.

நாணயத்துக்கு ஒரு பிறப்புச் சான்றிதழ்

ஒல்லாந்தர் 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். அவர்களின் கிழக்கிந்தியக் கொம்பனி 1726 இல் இருந்து அடித்த 'டொயிற்' எண்ட செப்புக் காசு, வி.ஓ.சி. முத்திரையோடு, இண்டைக்கும் எங்கட பக்கத்தில் தோட்டம் கொத்தும்போது வரும். இணையத்தில் தேடிப் பாருங்கோ. அதே காசைக் கனபேர் 'நியூயோர்க் பென்னி' எண்டு பெயர் வைத்து விற்கினம். நியூயோர்க் ஒருகாலம் ஒல்லாந்தரின் ஊராக இருந்தது உண்மை. ஆனால் அதை 1664 இலேயே ஆங்கிலேயர் பிடித்து விட்டார்கள், அதை நடத்தியதும் வேற கொம்பனி. 1726 க்குப் பிறகு ஆசியாவுக்கு எண்டு அடித்த காசு அங்கே எப்படிப் பென்னியாகும்? அமெரிக்க வாடிக்கையாளருக்கு யாழ்ப்பாணத்தைவிட நியூயோர்க் விற்கும். அவ்வளவுதான்.

எனக்கு இது சும்மா ஒரு பகிடியாகத் தெரியவில்லை. யாழ்ப்பாண அரசர்கள் வெளியிட்ட, நந்தியும் 'சேது' எண்ட எழுத்தும் உள்ள காசுகளை எடுங்கோ. எந்த ஊரில், எந்த ஆழத்தில், எதோடு சேர்ந்து கிடைத்தது எண்டு தெரிந்தால் ஒரு காசு ஒரு வரலாற்றுச் சான்று. யார் எங்க போய் வியாபாரம் செய்தார்கள் எண்டு அதை வைத்துச் சொல்லலாம். அந்த விபரம் இல்லாமல் ஏலத்துக்குப் போனால் அது நூறு கிராம் கூட இல்லாத செம்பு. சட்டமும் இதைத்தான் வேற விதமாகச் சொல்லுது. 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி, காணி உங்கடையாக இருந்தாலும் அதுக்குள்ள புதைந்து கிடந்து எடுபடுகிற தொல்பொருள் உங்கடை இல்லை, அரசுடையது. 1988 இன் கலாசாரச் சொத்துச் சட்டத்தின்படி, அப்படியான பொருட்களை அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்ப ஏலாது. பார்சல் கட்ட முதல் இதைத் தெரிந்து கொள்வது நல்லது.

அப்ப விற்கிறது பிழையோ? நான் அப்படிச் சொல்லவில்லை. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது 97,000 அளவிலான புத்தகங்களும் ஏடுகளும் போயின. ஒரே இடத்தில் சேர்த்து வைத்தால் பத்திரம் எண்ட நம்பிக்கையும் அதோடு போனது. பிறகு எங்கட பழைய கடதாசிகள் தப்பினதெண்டால் அது தனியாட்களின் அலுமாரிகளிலும், பழைய புத்தகம் விற்கிறவர்களின் சாக்குகளிலும்தான். ஒருத்தன் காசுக்காகச் சேர்க்காவிட்டால் அது சரையாகப் போயிருக்கும். வியாபாரி காப்பாற்றவும் செய்கிறான், சிதறடிக்கவும் செய்கிறான். ரெண்டும் ஒரே கைதான்.

ஆனபடியால் நான் கேட்பது சின்ன விசயம். விற்க முதல் பக்கம் பக்கமாக ஸ்கான் செய்யுங்கோ, அல்லது கைப்பேசியிலாவது படம் எடுங்கோ. யாருடையது, எந்த ஊரில் இருந்தது, எப்படிக் கைக்கு வந்தது எண்டு நாலு வரி எழுதுங்கோ. பழைய இதழ், புத்தகம், துண்டுப்பிரசுரம் எண்டால் 2005 இல் இருந்து இயங்குகிற நூலகம் எண்மத் தளத்தில் அது ஏற்கெனவே இருக்கோ எண்டு பாருங்கோ, இல்லாட்டி கொடுங்கோ. அசலை விற்கலாம், உரித்தை யாரும் பறிக்கவில்லை. காசுக் கணக்காகப் பார்த்தாலும் இது நட்டமில்லை. வந்த வழி தெரிந்த சாமானுக்குத்தான் நல்ல சேகரிப்பாளர் கூட விலை கொடுப்பார். உறையோட இருந்தால் வேற விலை எண்டு அந்த மனிசன் சொன்னதும் இதைத்தான்.

போன மாதம் றங்குப்பெட்டியைக் கழுவிக் காயவைக்க எடுத்தபோது, அடியில் ஒட்டியிருந்த பழைய பஞ்சாங்கத்துக்குள் ஓர் உறை கிடந்தது. நாங்கள் தண்ணியில் போடத் தவறினது. மலாயா முத்திரை, ஈப்போ தபாற் கந்தோரின் அடி, உள்ளுக்குள் கடிதம். அம்மப்பாவின் தமையன் கிணறு கட்டி முடிஞ்சுதோ, அனுப்பின காசு காணுமோ, அம்மாவின் கண் இப்ப எப்படி எண்டு கேட்டிருந்தார். எங்கட கிணறு அவரின் காசில் கட்டினது எண்டு எங்கள் ஒருத்தருக்கும் தெரியாது. மச்சானுக்குப் படம் அனுப்பினேன். உடனே கோல் எடுத்தான்.

"அண்ணை, உறையோட இருக்கு என்ன?"

"ஓம்."

கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கவில்லை. பிறகு கேட்டான்: "அப்ப நாங்கள் எரிச்சதில இன்னும் என்னென்ன இருந்திருக்கும்?"